மார்லிஸ் சுடாத தோட்டாக்கள்

ஜூடித் ஆற்றுப் பக்கம், மொன்டானா
நவம்பர், வெள்ளிக்கிழமை

மரியாதைக்குரிய மைத்துனர் வெர்லின் ஹாகன் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் ஓர்லின் ஸ்கார் எழுதிக்கொள்வது. இங்கே தங்கள் தங்கை மார்லிஸ் நலம். நாய் நலம். குளிர்காலக் கோதுமையை மூடும் அளவுக்குப் பனி விழுந்துவிட்டதால் வயலும் நலம். என்னைப் பற்றி எழுதினால் அது ‘நலம்’ என்ற தலைப்பில் வராது என்பதால் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன். ஐடஹோவில் தாங்களும் தங்கள் துணைவியார் ஆர்டிஸும் நல்ல உடம்போடு இருக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். தாங்கள் நன்றாக இருந்தால்தானே இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படித்துக் கஷ்டப்பட முடியும்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் என்னை எப்போது பேசவிட்டீர்கள்? கடிதத்தில் ஒரு சௌகரியம், நான் முடிக்கிற வரைக்கும் நீங்கள் குறுக்கே புக முடியாது. வேண்டுமானால் காகிதத்தைப் பார்த்துக் கத்திக்கொள்ளுங்கள். ஆர்டிஸ் பழகிப் போயிருப்பாள்.

பெர்மிட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்த மலைச்சரிவுகளில் கொம்பன் எல்க் மானைச் சுட அரசாங்கம் வருஷா வருஷம் குலுக்கல் போடுகிறது. என் தலையில் முடி இருந்த காலத்திலிருந்து நான் எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். முடி போய்விட்டது, பெர்மிட் வரவில்லை. இந்த வருஷம் நான் எழுதிப்போட்ட அன்று மார்லிஸ் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். “எனக்கும் ஒண்ணு போட்டு விடு, என்ன வந்துடப் போகுது” என்றாள். போட்டு விட்டேன். வந்துவிட்டது. அவளுக்கு. முதல் தடவையே. எனக்கு வழக்கம்போல, வருந்துகிறோம் என்று ஒரு அட்டை. அந்த அட்டைகளை வைத்து நான் கோழிக்கூண்டுக்குக் கூரை போட்டிருக்கலாம்.

நான் பொறாமைப்படவில்லை. சரி, பட்டேன். ஆனால் ஒரு வாரத்தில் அதை விழுங்கிவிட்டு, மனுஷனாக நடந்துகொள்ளலாம் என்று முடிவு செய்தேன். கொம்பன் அவளுடையது. நான் அதன்மேல் துப்பாக்கி நீட்டினால் சட்டப்படி குற்றம். அப்படியானால் அந்த வேட்டையில் எனக்கு என்ன வேலை? சாண்ட்விச் தூக்குவதா? அவள் கொம்பனை விழுத்தாட்டிய பிறகு காலைப் பிடித்து இழுப்பதா? எனக்கென்று ஒரு பங்கு வேண்டும், அது அவளுக்குப் பயன்படுகிற பங்காக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. இதில் என்ன தப்பு?

அந்த நேரம் பார்த்துத்தான் நீங்கள் போன் செய்தீர்கள். மார்லிஸின் வலது தோளில் போன வருஷம் ஆபரேஷன் ஆனது, கடைத் தோட்டாவைச் சுட்டால் அவள் துப்பாக்கி கோவேறு கழுதை மாதிரி உதைக்கும், என்ன செய்வதென்று தெரியவில்லை என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

“இதுக்குப் போயி மண்டையை உடைச்சுக்கிறியே மாப்ளே! வீட்டுலயே தோட்டா அடை. அவ தோளுக்குத் தகுந்த மாதிரி மெதுவா உதைக்கிற தோட்டாவா அடைச்சுக் குடு. வேண்டியது மூணே சாமான். ஒரு பிரஸ்ஸு, அதுல மாட்டற டைங்கிற இரும்பு அச்சு ஒரு ஜோடி, ஒரு தராசு. ஏற்கெனவே சுட்ட தோட்டாவோட வெத்துக் கூட்டைப் பிரஸ்ல வெச்சு இழுத்தா பழைய அளவுக்கு வந்துரும். அடியில நெருப்பு பத்தவைக்கிற பிரைமர்ப் பொட்டு, உள்ள வெடிமருந்து, மேல குண்டு. முடிஞ்சு போச்சு. கேக் சுடறதைவிடச் சுலபம்.”

“ஒருத்தர் அடைச்சதை இன்னொருத்தர் சுட மாட்டாங்களே,” என்றேன் நான். ஏனென்றால் இந்த ஊரில் அதுதான் வழக்கம், அது உங்களுக்கும் தெரியும். இங்கே டிராக்டரை இரவல் கொடுப்பார்கள், காளையைக் கொடுப்பார்கள், பனியில் மாட்டிக்கொண்டால் படுக்கையையே கொடுப்பார்கள். ஆனால் ஒருவன் வீட்டில் அடைத்த தோட்டாவை இன்னொருவன் தன் துப்பாக்கியில் போட மாட்டான், கூடப்பிறந்தவனாக இருந்தாலும் சரி. அவன் என்ன நினைப்பில் அடைத்தானோ, மருந்தைப் போட்டானோ போடவில்லையோ, இரண்டு தடவை போட்டானோ, யார் கண்டது? மருந்தில்லாத குண்டு குழலில் பாதியில் சிக்கிக்கொண்டால் அடுத்த வெடிக்குத் துப்பாக்கியே வெடிக்கும்; வெடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருப்பது சுடுகிறவனுடைய கன்னம் அல்லவா?

“அதெல்லாம் வெளியாளுக்கு மாப்ளே. புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்ன இருக்கு? நீ அடைச்சுக் குடு, அவ சுடுவா. என் தங்கச்சியைப் பத்தி எனக்குத் தெரியாதா?”

தெரியாது, மைத்துனரே. உங்களுக்கு உங்கள் தங்கச்சியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

மூணே சாமான் என்றீர்களா? பண்ணைச் சாமான் கடைக்குப் போனேன். அங்கே எல்லாம் அடங்கிய ஒரே பெட்டியாக, புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கென்றே ஒன்று வைத்திருந்தார்கள். மேலே ஒருவன் சிரித்துக்கொண்டிருக்கிற படம். அதை வாங்கியிருந்தால் நானும் இன்றைக்குச் சிரித்துக்கொண்டிருப்பேன். ஆனால் அதைத் தூக்குவதற்கு முன்னால் உங்களை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று கடைப் போனிலிருந்து கூப்பிட்டேன். “பெட்டியா வாங்காதே மாப்ளே, அதுல பாதி சாமான் குப்பை. தனித்தனியா வாங்கு, ஒவ்வொண்ணும் சாகற வரைக்கும் உழைக்கும்” என்றீர்கள். பிரஸ்ஸில் ஒரு இழுப்புக்கு ஒரே வேலை செய்கிற கனமான இரும்புப் பிரஸ்தான் வேண்டும் என்றீர்கள். சரி என்று அதை எடுத்துக்கொண்டு தானியக் கிடங்குக்குக் காபி குடிக்கப் போனால், அங்கே தினமும் காபி மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஹார்லோ அதைப் பார்த்துவிட்டு, ஏதோ நான் கழுதை வண்டி வாங்கி வந்த மாதிரி தலையில் அடித்துக்கொண்டார். “இந்தக் காலத்துல யாருய்யா இதை வாங்குவா? சுத்திச் சுத்தி வந்து ஒரு இழுப்புக்கு ஒரு முழுத் தோட்டாவைத் துப்பற மிஷின் வந்தாச்சு.” மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு பக்கம் பேச ஆரம்பித்தார்கள். இந்தக் கிடங்கில் மதம், அரசியல், பக்கத்து வேலி எதைப் பேசினாலும் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். பிரஸ்ஸைப் பற்றி ஆரம்பித்தது மதியச் சாப்பாடுவரை ஓடியது. நான் அந்தச் சுத்துகிற மிஷினையும் வாங்கினேன். அது முதல் இழுப்பிலேயே பொட்டை நசுக்கி, கூட்டைத் தலைகீழாகக் கவ்வி, அப்படியே நின்றுவிட்டது. கடையில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கடைக்காரர் டெல்மர் ஒன்றும் கேட்கவில்லை; அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது.

மூன்று சாமானுக்குப் பிறகு உங்கள் போன் ஒவ்வொன்றும் ஒரு புதுச் சாமானோடு வந்தது. “கூட்டோட நீளம் அளக்கிற காலிப்பர் வாங்கலையா இன்னும்? நல்லா இருக்கே!” என்றீர்கள். வாங்கினேன். “நீளம் அதிகமா இருந்தா வெட்டறதுக்கு?” வாங்கினேன். “வெட்டின விளிம்பைச் சீவறதுக்கு?” வாங்கினேன். “பித்தளைக் கூட்டை அழுக்கோட டையில விட்டா டை போயிரும் மாப்ளே, தேய்க்கிற மிஷின் இல்லாம எப்படி?” அதையும் வாங்கினேன். வால்நட் ஓட்டுத் தூளைப் போட்டு, கூடுகளை உள்ளே விட்டு, துணி துவைக்கிற அறையில் ஓடவிட்டேன். அது நாளெல்லாம் சரளைக் கல்லை மெல்லுகிற சத்தத்தோடு ஓடியது. அந்த வியாழக்கிழமை லூத்தரன் சபைப் பெண்கள் பைபிள் படிக்க வந்திருந்தார்கள். பாவம், பொறுமையைப் பற்றிய அதிகாரத்தைக் கத்திக் கத்திப் படித்தார்கள். டை வாங்கும்போது மட்டும், நான் தெரியாமல் வேறு அளவு டையை எடுத்துவிட்டு, அரை நாள் போராடிய பிறகு, “பெட்டி மேல என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா மாப்ளே?” என்று கேட்டீர்கள் பாருங்கள், அன்றைக்குத்தான் என் மனசில் உங்கள்மேல் முதல் கல் விழுந்தது.

கடையில் இன்னொன்றும் நடந்தது. குண்டும் மருந்தும் வாங்கப் போனபோது டெல்மர் கேட்டார்:

“யாரு சுடப்போறது, நீங்களா?”

“இல்ல. மார்லிஸ்.”

கையில் எடுத்த மருந்து டப்பாவைத் திரும்ப அலமாரியிலேயே வைத்தார்.

“அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன? வீட்டுலதானே இருக்கா.”

“அதைக் கேக்கல ஓர்லின். சுடுறேன்னு சொன்னாங்களா?”

நான் காசை நீட்டினேன். ஏனென்றால் அவள் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் மேஜையில் பிரஸ்ஸை முடுக்கியபோது பார்த்துக்கொண்டு நின்றவள், “உனக்குப் பொழுது போனா சரி” என்றாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷமான ஒருவன் செய்யக்கூடாத தப்பு அது.

மேஜையைப் பற்றி. “எந்த மேஜையா இருந்தாலும் போதும்” என்றீர்கள். மார்லிஸ் சோக்செர்ரிப் பழத்தில் ஜெல்லி போடுகிற மேஜையில் ஓட்டை போட்டு முடுக்கினேன். கைப்பிடியை இழுத்தேன். கூடு டைக்குள் போகவில்லை, மேஜை மேலே வந்தது. அதன்மேல் இருந்த ஜெல்லி பாட்டில்களும் ஒரு நிமிஷம் என்னோடு சேர்ந்து பறந்தன. அதற்குப் பிறகு நீங்கள் சாவகாசமாகச் சொல்கிறீர்கள், “செவுத்தோட சேத்து முடுக்கணும் மாப்ளே, அது சின்னக் கொழந்தைக்கும் தெரியுமே.” பிறகு, கூட்டுக்கு எண்ணெய் தடவ வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டீர்கள். காய்ந்த கூட்டை உள்ளே விட்டு இழுத்தேன், அது டைக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது, எந்தப் பக்கமும் வரவில்லை. உங்களைக் கூப்பிட்டால் ஆர்டிஸுக்கும் கேட்கிற மாதிரிச் சிரித்தீர்கள். “எல்லாரும் ஒரு தடவை மாட்டிக்கிறதுதான். இப்பத்தான் மாப்ளே நீ எங்க ஆளானே” என்றீர்கள். பெருமையாகச் சொன்னீர்கள். டையை ஐஸ் பெட்டியில் போடு, சுருங்கி வந்துவிடும் என்றீர்கள். போட்டேன். மார்லிஸ் சுட்டு வைத்த ஹக்கிள்பெர்ரிப் பழப் பலகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு வாரம் கிடந்தது. கூடு அசையவில்லை, பலகாரம்தான் இரும்பு வாசனை அடித்தது; இன்னொரு டை வாங்கினேன்.

தராசுக்கு வருகிறேன். இங்கே ‘நீங்கள்’ என்று எழுதிவந்த மரியாதை எனக்குத் தீர்ந்துவிட்டது, மன்னிக்கவும். நீ என்ன சொன்னாய்? மின்சாரத் தராசுதான் வேகம் என்றாய். வாங்கினேன். அது நான் மூச்சு விட்டால் ஒரு எண், விடாவிட்டால் ஒரு எண் காட்டியது. உடனே, பழைய முள் தராசுதான் நிஜம், அது பொய் சொல்லாது என்றாய். அதையும் வாங்கினேன். இரண்டும் ஒன்றை ஒன்று திருடன் என்றன. காற்றடிக்கிறதா என்று பார் என்றாய். வீட்டைச் சூடாக்குகிற அடுப்பின் காற்று என்று கண்டுபிடித்து அதை அணைத்தேன். அக்டோபர் கடைசி, வெளியே பனி. மார்லிஸ் தொப்பியும் கோட்டும் போட்டுக்கொண்டு உருளைக்கிழங்கு மசித்தாள். “நான் வெளியில போய் மாட்டோட நிக்கறேன், அங்க கொஞ்சம் சூடா இருக்கும்” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அவ்வளவுதான் புகார். உன் தங்கை பொறுமைசாலி. நான் ஒப்புக்கொள்கிறேன். உன்னோடு வளர்ந்தவளுக்கு அது வந்துதான் ஆக வேண்டும்.

இப்போது கேட்டுக்கொள், ஏனென்றால் என் வயிறு எரிகிற இடம் இதுதான். வேட்டைக்கு முந்தைய நாள் மதியம். எல்லாம் சரியாக வந்துவிட்டது. கூடுகள் பளபளவென்று நிற்கின்றன, பொட்டு வைத்தாயிற்று, இரண்டு தராசும் அன்றைக்கு என்ன நினைத்தனவோ, ஒரே எண் காட்டுகின்றன. நான் ஒவ்வொன்றாக மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, இழுத்து, பெட்டியில் அடுக்கிக்கொண்டே வருகிறேன். என் வாழ்க்கையில் நான் எதையும் இவ்வளவு கவனமாகச் செய்ததில்லை. மாவட்டச் சாலையில் பனி வாருகிற வண்டியை ஓட்டிச் சம்பாதித்த இந்தக் கையில் இவ்வளவு நிதானம் இருக்கிறதா என்று எனக்கே ஆச்சரியம். பெட்டி முக்கால் நிறைந்திருக்கும். போன் அடித்தது.

நீதான்.

“மாப்ளே, முக்கியமான ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். மருந்து போடறப்ப கவனம் சிதறவே கூடாது. யாரையும் பேசவிடாதே. போன் வந்தாக்கூட எடுக்காதே.”

இதைச் சொல்லிவிட்டு அப்படியே வைத்திருந்தாலும் பரவாயில்லை. உன் முழங்காலைப் பற்றி, ஆர்டிஸின் தம்பி வாங்கிய டிரக்கைப் பற்றி, ஐடஹோ உருளைக்கிழங்கு விலையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தாய். நான் மேஜைக்குத் திரும்பினேன். கையில் ஒரு கூடு, அதன் வாயில் குண்டு வைத்தாகிவிட்டது. மருந்து போட்டேனா? போட்ட மாதிரியும் இருந்தது, போடாத மாதிரியும் இருந்தது. போட்டிருப்பேன் என்று நினைத்து இழுத்துவிட்டேன். பெட்டியில் வைத்தேன். வைத்த கையோடு அது எது, எந்த வரிசையில் என்று மறந்துபோனது. எல்லாம் ஒரே முகம். நிறுத்துப் பார்த்தேன், கூட்டுக்குக் கூடு எடை வித்தியாசம் இருக்கிறது, அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். பைத்தியக்காரன் மாதிரி ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்தேன், வெர்லின்.

போட்டிருப்பேன். நிச்சயமாகப் போட்டிருப்பேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பெட்டியைத் துடைத்து, சமையலறையில் மார்லிஸ் முன்னால் வைத்தேன். அவள் அடுத்த நாளுக்காக லெஃப்ஸே ரொட்டியில் மான் சாசேஜ் சுற்றிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு ஒரு தோட்டாவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அழகா இருக்கு ஓர்லின்,” என்றாள். “நெசமாத்தான். கடையில இருக்கறதைவிட நல்லா இருக்கு.”

“உனக்குன்னு அடைச்சது. தோள்ல அடிக்காது.”

“எல்லாத்துலயும் மருந்து இருக்கா?”

ஒரே ஒரு வார்த்தை. ‘இருக்கு’ என்று சொல்லியிருக்க வேண்டும். ஐஸ் பெட்டி கரகரவென்று சத்தம் போட்டு நின்றது. நான் அதுவரை வாயைத் திறக்கவில்லை. அப்புறம், “இருக்கு” என்றேன்.

அவள் தோட்டாவை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

“யோசிச்சுட்டே,” என்றாள்.

“யோசிக்கல.”

“யோசிச்சே ஓர்லின். உன்மேல எனக்குக் கோபம் இல்ல. உங்கையால சமைச்சுக் குடு, சாப்பிடறேன். நீ ஓட்டுற வண்டியில கண்ணை மூடித் தூங்கறேன். ஆனா இதைச் சுட மாட்டேன். என் மொகம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அதுவும் அவ்வளவு ஒண்ணும் நல்லா இல்ல, இருக்கறதையாவது காப்பாத்திக்கறேனே.”

சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் ஏற்கெனவே டெல்மர் கடையிலிருந்து ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தாள். எப்போது வாங்கினாள் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் போனோம். நான் சாண்ட்விச் தூக்கினேன். பைன் மரங்களுக்குக் கீழே கொம்பன் பக்கவாட்டில் நின்றது, அந்த மாதிரி ஒன்றை நான் காலண்டரில்தான் பார்த்திருக்கிறேன். மார்லிஸ் அவசரப்படவில்லை. ஒரே ஒரு வெடி. அது நாலு எட்டு நடந்து படுத்துவிட்டது. அவள் துப்பாக்கியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள், நானும் சிரித்தேன், கட்டிப்பிடித்தேன், சத்தியமாக அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷம்தான். சாயங்காலம்வரை அறுத்து, சுமந்து, ஏற்றிக்கொண்டு வந்தோம். மறுநாள் காலையில் அவளால் காபிக் குடுவையைத் தூக்க முடியவில்லை. இடது கையால் ஊற்றினாள். சட்டைக் கழுத்து விலகினபோது பார்த்தேன், ஆபரேஷன் தழும்பைச் சுற்றித் தோள் முழுக்கக் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது. “ஒண்ணும் இல்ல, போயிடும்” என்றாள். எனக்கு அவமானமாக இருந்தது, வெர்லின். வேறு வார்த்தை தெரியவில்லை. ஒரு மனுஷன் பெண்டாட்டியின் தோளுக்காக ஒரு வேனிற்காலம் முழுக்கப் பாடுபட்டான், கடைசியில் அந்தத் தோள் அடி வாங்கியதை வேடிக்கை பார்த்தான்.

இன்னும் இருக்கிறது. சுத்தியல் மாதிரி ஒன்று உண்டே, தோட்டாவை அதில் மாட்டித் தரையில் அடித்தால் குண்டு கழன்று வருமே, அதுவும் நீ வாங்கச் சொன்னதுதான். அதை எடுத்துக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாக அடித்துப் பிரித்தேன். நாய் பயந்து டிரக்குக்கு அடியில் போய்விட்டது. ஒவ்வொன்றிலும் மருந்து இருந்தது. அளந்த அளவு, ஒரு துளி குறையாமல், ஒரு துளி கூடாமல். கடைசி ஒன்றாவது காலியாக இருக்கட்டும், என் சந்தேகத்துக்கு ஒரு நியாயமாவது கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே அடித்தேன். அதிலும் இருந்தது. நான் ஒரு தப்பும் செய்யவில்லை. நான் யோசிக்காமல் ‘இருக்கு’ என்று சொல்லியிருந்தால் அது சத்தியமாக இருந்திருக்கும். என்னை யோசிக்க வைத்தவன் நீ.

ஆகவே இனிமேல் தாங்கள் எனக்குப் போன் செய்ய வேண்டாம். மார்லிஸோடு பேச வேண்டுமானால் நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் பேசிக்கொள்ளவும். பிரஸ், டை, இரண்டு தராசு, காலிப்பர், தேய்க்கிற மிஷின் எல்லாவற்றையும் விற்கப்போகிறேன். தானியக் கிடங்கின் அறிவிப்புப் பலகையில் ஏற்கெனவே அட்டை ஒட்டியாகிவிட்டது. ‘அதிகம் உபயோகிக்காதது’ என்று எழுதியிருந்தேன். அதற்குக் கீழே யாரோ பென்சிலில் ‘அதிகம் யோசித்தது’ என்று எழுதியிருக்கிறார்கள். ஹார்லோவின் கையெழுத்து மாதிரி இருக்கிறது. அப்படியானால் கதை ஊர் முழுக்கப் போய்விட்டது. அதற்கும் நன்றி.

தங்கள் முழங்கால் விரைவில் குணமாகட்டும். ஆர்டிஸுக்கு என் அன்பைச் சொல்லவும். அவளுக்கு மட்டும் இந்தக் கடிதத்தில் ஒரு குறையும் இல்லை. தங்கள் வீட்டுக் கூரையைப் பனி அழுத்தாமல் இருக்கட்டும், தங்கள் வயலில் கிழங்கு பெருகட்டும், கடவுள் தங்களுக்கு நீண்ட ஆயுளையும் குறைவான போன் பில்லையும் தரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட குற்றம் தவிர வேறொன்றும் செய்யாத,
ஓர்லின் ஸ்கார்

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை எழுதியதைத் தபால்தலை இல்லாததால் போட முடியவில்லை. இன்று செவ்வாய். இடையில் ஒன்று நடந்துவிட்டது.

சனிக்கிழமை காலை மார்லிஸ் முட்டையைப் புரட்டிக்கொண்டே சொன்னாள், அவளிடம் சாதா மான் பெர்மிட் ஒன்று பாக்கி இருக்கிறதாம், சீசன் முடிவதற்குள் போக வேண்டுமாம், ஆனால் கடைத் தோட்டாவை இந்தத் தோள் இன்னொரு தடவை தாங்காதாம். “நீ அடைச்சுக் குடு, சுடறேன்” என்றாள். எனக்குக் காதில் சரியாக விழுந்ததா என்று சந்தேகம். “நான் யோசிச்சேன்னு சொன்னியே” என்றேன். “நீ கொட்டகையில உக்காந்து ஒண்ணொண்ணாப் பிரிச்சதை ஜன்னல் வழியாப் பாத்தேன். ஏமாத்தறவன் பெட்டியை மூடி வெச்சிருப்பான். அடை போ” என்றாள்.

போனைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொன்றுக்கும் மருந்து கொட்டி, டார்ச் அடித்துப் பார்த்து, குண்டு வைப்பதற்கு முன்னால் இன்னொரு தடவை பார்த்தேன். சந்தேகத்துக்கு இடமே இல்லை. முடித்துப் பெட்டியை மூடினேன். சமையலறைவரை நடந்தேன். கொடுக்க முடியவில்லை, மச்சான். கால் திரும்பிவிட்டது. அவள் துப்பாக்கியையே எடுத்துக்கொண்டு சரளைக்குழிக்குப் போய், சரியாக இருக்கிறதா என்று ஒன்றைச் சுட்டுப் பார்த்தேன். அருமையாக இருந்தது. அப்படியானால் அடுத்தது? அதையும் சுட்டேன். அதுவும் அருமை. ஒன்று நல்லதாக இருந்தது என்பதற்காக அடுத்ததை எப்படி நம்புவது? நல்லது என்று தெரிந்துவிட்ட தோட்டா எல்லாம் வெறும் கூடாகக் காலடியில் கிடக்கிறது, கையில் இருப்பதெல்லாம் தெரியாதது. இந்தத் தொழிலில் இப்படி ஒரு கோளாறு இருக்கிறது என்று நீ எனக்குச் சொல்லவே இல்லை.

கடைசி ஒன்று மிச்சம் இருந்தபோது மார்லிஸ் சரிவில் இறங்கி வந்தாள். கீழே கிடந்த கூடுகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “எல்லாத்தையும் நீயே சுட்டுத் தீத்துட்டா நான் எதை எடுத்துட்டுப் போறது?” என்று சொல்லிக்கொண்டே, என் விரல் இடுக்கில் இருந்ததை உருவி, துப்பாக்கியில் போட்டு, நான் “இரு” என்று சொல்வதற்குள் கன்னத்தைச் சாய்த்துச் சுட்டுவிட்டாள். நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். திறந்தபோது அவள் தோளை ஒரு தடவை சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒண்ணுமே தெரியல ஓர்லின். இதே மாதிரி ஒரு பெட்டி போடு” என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போய்விட்டாள். நான் உட்கார்ந்தபடியே சுற்றிக் கிடந்த கூடுகளைப் பொறுக்கினேன். அழுதேன் என்று நீ ஆர்டிஸிடம் சொல்ல வேண்டாம்.

அட்டையைக் கிழித்துவிட்டேன். ஒன்றும் விற்கவில்லை. அடுத்த வார வியாழக்கிழமைக்குள் ஒரு பெட்டி அடைத்தாக வேண்டும், அதில் ஒன்றைக்கூடச் சுட்டுப் பார்க்கக்கூடாது என்று உத்தரவு. அவள் என்னை நம்பவில்லை என்று இத்தனை நாள் பொருமிக்கொண்டிருந்தேன், இப்போது நம்புகிறாள், எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் கொட்டுகிற ஒவ்வொரு அளவுக்கும் பின்னால் அவள் கன்னம் தெரிகிறது. இதைத் தனியாகத் தாங்க என்னால் ஆகாது. கடிதம் கையில் கிடைத்த உடனே வண்டியைக் கிளப்பி நேரே இங்கே வந்து சேர்.